தோலம்பா வீட்டுப் பங்கு

எங்கள் மலையில் ஒரு மனிதன் எவ்வளவு பெரியவன் என்று தெரிய வேண்டுமானால் அவன் வயலையோ வீட்டையோ பார்க்க வேண்டாம். சாவுத்திடலில் பரண்மேல் நின்று எருமைக்கறி பங்கிடுகிறவர் அவன் வீட்டுப் பெயரை எத்தனையாவதாகக் கூப்பிடுகிறார், எந்தத் துண்டைத் தூக்கிப் போடுகிறார் என்று பார்த்தால் போதும். பின்தொடை விழுந்தால் அவன் வாய் திறக்கும்போது ஊர் கேட்கும். விலா விழுந்தால் பாதி ஊர் கேட்கும். அடிவயிற்றுச் சவ்வு விழுந்தால், அவன் பேசுகிறானா இருமுகிறானா என்றுகூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பரண்மேல் நின்றவர் அம்பே சுலோ. சுலோவின் அப்பா என்று அர்த்தம். பிள்ளை பிறந்தபின் எங்களில் யாரையும், உயிரோடு இருக்கும்வரை, சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் என் அக்காவைக் கட்டியவர். அவர் மேலே நின்று கூப்பிட, நான் கீழே கத்தியோடு உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேன். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கியது, இரண்டு பேருக்கும் நரைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றுதான். அந்த மனுஷனுக்கு அவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது?

பார்த்தால் ஒன்றும் இருக்காது. குள்ளம், நோஞ்சான் உடம்பு, முன்பல் ஒன்று இல்லை. சந்தையில் காப்பிக்கொட்டை விற்க உட்கார்ந்தால் வாங்க வருகிறவர்கள் பக்கத்துக் கடைக்காரனிடம் போய்விடுவார்கள். ஆனால் மூங்கில் பரணில் ஏறி, ரத்தம் சொட்டும் தொடையைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு வீட்டின் பெயரைச் சொன்னாரென்றால் எதிர்ச்சரிவில் வயலில் நிற்கிறவனும் நிமிர்ந்து பார்ப்பான். நூற்றுக்கணக்கான பேர் திடலில் கள்ளும் காப்பியுமாகக் கலகலவென்று இருப்பார்கள். அவர் கை மேலே போனதும் பேச்சு அடங்கிவிடும். எனக்கு அப்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும். தினம் பார்க்கிற மச்சான்தானே என்று மனதுக்குச் சொல்லிப் பார்ப்பேன், அது கேட்காது.

முதல் பங்கு வாங்கும் மேட்டுவீட்டுக்காரர்கள் ஒருமுறை பட்டணத்திலிருந்து மைக் செட் கொண்டுவந்து பரணில் கட்டினார்கள். அவர் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"மைக்கு வேணாம்யா. பாதியில கரண்டு போச்சுன்னா யாரு தொடை யாருக்குன்னு தெரியாம அடிச்சுக்குவீங்க" என்றார்.

இப்படிப்பட்டவருடைய சொந்த வீடு எதுவென்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தோலம்பா வீடு. எங்கள் திடலில் கடைசியாகக் கூப்பிடப்படும் வீடு அதுதான். அடிவயிற்றுச் சவ்வு போகிற வீடு.

அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. அவருடைய அப்பா லேபாங் காலத்தில் தோலம்பாவுக்குப் பின்தொடை விழுந்துகொண்டிருந்தது. லேபாங்குக்கு வாய் கொஞ்சம் நீளம், கள் உள்ளே போனால் கையும் நீளம். மேட்டுவீட்டில் நடந்த ஒரு சாவுவிருந்தில் அவருக்கு விழுந்த தொடையில் கறியைவிட எலும்பு அதிகம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எடுத்துப் பார்த்தார், நாலு பேரிடம் காட்டினார், பிறகு அதைப் பரணடியில் திருப்பி எறிந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருவன் இன்னொருவன் கன்னத்தில் அறைந்தால் பேசித் தீர்த்துவிடலாம். வேலி விழுந்து வயல் சண்டை வந்தாலும் தீர்த்துவிடலாம். கறியைத் திருப்பி எறிந்தால் பேச்சே கிடையாது. இறந்தவருக்காக விழுந்த எருமை, அவர் கூடவே போகிற எருமை, அதன் உடம்பை நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அன்று சாயங்காலமே பெரியவர்கள் கூடி, தோலம்பா இனிமேல் கடைசி என்றார்கள். மாற்ற ஒரே வழிதான். அதே மேட்டுவீட்டில் அடுத்த பெரிய சாவு விழும்போது, அந்தத் தொடைக்கு ஈடாகத் தகுந்த எருமை ஒன்றைத் தோலம்பாக்காரர்கள் கொண்டுபோக வேண்டும். மேட்டுவீட்டார் மனசார அதன் கயிற்றைக் கையில் வாங்க வேண்டும்.

லேபாங்கால் முடியவில்லை. அவருடைய சொந்தச் சாவுக்கே ஒற்றை எருமைதான் விழுந்தது, அதுவும் கொம்பு ஒடிந்த கிழட்டு எருமை.

அப்படியானால் கடைசி வீட்டுப் பிள்ளை பரணில் ஏறியது எப்படி என்று கேட்பீர்கள். அது ஒரு கூத்து. பழைய பரண்காரருக்குத் தொண்டை போய்விட்டது. மேட்டுவீடு தன் ஆளை ஏற்றப் பார்த்தது, மற்ற முதல்வரிசை வீடுகள் விடவில்லை. அவன் ஏறினால் அவன் வீட்டுக்குக் கொழுப்புப் போகும், இவன் ஏறினால் இவன் மைத்துனனுக்கு ஈரல் போகும் என்று ஆளுக்கொரு குற்றம். கடைசியில் ஒரு பெரியவர், "கடைசி வீட்டுக்காரன ஏத்துங்க. அவன் யாருக்குச் சாயப்போறான், சாய எடமே கெடையாதே" என்றார். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

அவர் முதல்முறை ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் ஒன்றைப் பார்க்கத்தான் காத்திருந்தார்கள். தன் வீட்டுக்கு வரும்போது இவன் என்ன செய்வான்? குரலை இறக்கிச் சொல்வான், அல்லது பெயரை முழுங்கிவிட்டுத் துண்டை ஓரமாகப் போட்டுவிடுவான், அதற்கொரு சிரிப்புச் சிரிக்கலாம் என்று சிலர் வாயைத் தயாராக வைத்திருந்தார்கள். வரிசையெல்லாம் முடிந்தது. கடைசித் துண்டை நான் மேலே கொடுத்தேன். காய்ந்த துணி மாதிரி தொங்கியது. அவர் அதை மேட்டுவீட்டுத் தொடையைத் தூக்கிய அதே உயரத்துக்குத் தூக்கினார்.

"தோலம்பா" என்றார். அதே குரல். எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கையில் இருந்த கத்தி நழுவி மண்ணில் விழுந்தது. அக்காவை இந்த ஆளுக்குக் கட்டிக் கொடுத்ததற்காக அதுவரை என் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அந்தத் துண்டை மூங்கில் நாரில் கோத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவருடைய அம்மா நெற்களஞ்சியத்துக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். லேபாங்கைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குத் தொடை வாங்கிய வீட்டுக்கு வாழவந்து சவ்வு வாங்குகிற வீட்டில் கிழவியானவள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"எத்தனாவது?"

"கடைசிம்மா."

"சத்தமாச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்பச் சரி. குடு, மூங்கில்ல வச்சுச் சுடுறேன்."

அதற்குப் பிறகு எந்தச் சாவுவிருந்து முடிந்து வந்தாலும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இதே பேச்சுத்தான். ஒரு வார்த்தை கூடியதில்லை, குறைந்ததில்லை. என் அக்கா, "இவங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிறாங்க" என்று கேலி செய்வாள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அவளுக்காக முதல் எருமை விழுகிறவரை எங்களில் யாரும் வேறு வார்த்தை சொல்ல மாட்டோம். மூச்சு நின்றிருக்கலாம், உடம்புக்கு மருந்து போட்டுத் துணி சுற்றித் தெற்கு அறையில் கிடத்தியிருக்கலாம், ஆனாலும் அவளுக்கு உடம்பு முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் காப்பி வைப்பார்கள், சோறு வைப்பார்கள், அறைக்குள் போகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கையில் எருமை இல்லாதவர்கள் வீட்டில் இப்படி வருஷக்கணக்காகப் படுத்திருப்பவர்கள் உண்டு.

அம்பே சுலோவிடம் ஓர் எருமை இருந்தது. ஒன்றே ஒன்று. வாங்கும்போது நோஞ்சான் கன்று, கறுப்பு. வளர வளர நெற்றியில் வெள்ளை இறங்கியது, ஒரு கண் வெளிர்நீலமாக மாறியது. இந்த மாதிரி எருமையைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார்கள். நானே நின்றிருக்கிறேன். மச்சான் அதைத் தினம் குட்டையில் இறக்கித் தேய்த்துவிடுவார், காதுக்குள் விரல் விட்டுச் சுத்தம் செய்வார், பிறகு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து புகைபிடிப்பார். அது அவரைப் பார்த்து மூச்சு விடும். அந்த நீலக்கண் நம்மைப் பார்க்கிறதா, நமக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்க்கிறதா என்று தெரியாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவே வந்த எருமை என்று ஊரே சொன்னது. அக்கா விருந்துக்கு நெல்கூட ஒதுக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேட்டுவீட்டுப் பெரியவருக்கும் உடம்பு முடியாமல் போயிற்று. லேபாங் தொடையை எறிந்தது இவருடைய அப்பாவின் விருந்தில்தான். அதற்குப் பிறகு மேட்டுவீட்டில் பெரிய சாவு விழவே இல்லை, மனிதர் அவ்வளவு காலம் இருந்தார். அவருடைய மகன் அம்பே லிம்போங் கடலுக்கு அப்பால் பாப்புவாவில் லாரிகள் ஓட்டிச் சம்பாதித்தவர். அறுவடை முடிந்ததும் விருந்து என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்.

சேதி வந்த அன்று அம்பே சுலோ எருமையைக் குளிப்பாட்டப் போனார், இருட்டும்வரை குட்டையிலேயே நின்றார். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று என் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் என்னையும் வைத்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"நீ என்ன நெனைக்கிறேன்னு எனக்குத் தெரியும். எருமைய மேட்டுவீட்டுக்கு ஓட்டிட்டுப் போகப்போற, அதானே?"

"இன்னும் ஒண்ணும் நெனைக்கல."

"பொய் சொல்லாத. உள்ள படுத்திருக்கவங்க ஒன்னோட அம்மா. இந்த எருமைய விட்டா அடுத்தது எப்ப வரும்? நமக்கே வயசாகுது. அவங்க இன்னும் எத்தன வருசம் அந்த அறையில கெடக்கணும்? ஒங்கப்பா குடிச்சிட்டு எறிஞ்சதுக்கு அம்மா கெடந்து காயணுமா?"

நானும் சேர்ந்துகொண்டேன். "அக்கா சொல்றது ஞாயம் மச்சான். அம்மாவ அனுப்பி வை. கடைசியோ முதலோ, இத்தன நாள் சாப்பிட்டாச்சு, இனிமே என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப அம்மாவுக்கு இந்த எருமைய வெட்டினா, பரண்ல நின்னு கூப்பிடறப்ப அவங்க யாரு மாப்ளே? கடைசி வீட்டுப் பொம்பள. முதல்வரிசை வீட்டுல இருந்து ஒருத்தன் வருவானா? போற வழியெல்லாம் அவங்க கடைசியாவே நடந்து போகணுமா? எங்கம்மா தொடை வாங்கற வீட்டுக்கு வாழவந்தவங்க" என்றார்.

அக்கா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "அப்ப அவங்களையே கேளு. அவங்க எருமை, அவங்க சொல்லட்டும்" என்றாள்.

அது கோபத்தில் சொன்னது. ஆனால் அவர் எழுந்து, காப்பி ஊற்றி எடுத்துக்கொண்டு தெற்கு அறைக்குள் போனார். நெடுநேரம் உள்ளே இருந்தார். அவர் குரல் ஒன்றிரண்டு தடவை கேட்டது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். எனக்கே என் கேள்வி வேடிக்கையாக இருந்தது, ஆனால் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

"சரின்னு சொல்லல. வேணாம்னும் சொல்லல. ஒங்களுக்குத்தான் தெரியுமே அவங்கள, வேணாம்னா ஒடனே சொல்லிருவாங்க" என்றார்.

மேட்டுவீட்டு விருந்துக்கு விருந்தாளிகள் வரிசை வரிசையாக வந்தார்கள், ஒவ்வொரு வீடும் எருமையும் பன்றியுமாக. நடுகற்கள் நிற்கிற திடல் முழுக்கப் புதிதாகப் போட்ட மூங்கில் பந்தல்கள். போதகர் ஜெபம் செய்து முடித்தார், பெண்கள் கறுப்பு உடையில் காப்பித் தட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். தோலம்பா வரிசையில் நாங்கள் ஒன்பது பேர்தான். ஆனால் எங்களுக்கு முன்னால் அந்த எருமை நடந்தது. எண்ணெய் தேய்த்து மினுங்க, கொம்பில் சிவப்புத் துணி கட்டி, நெற்றி வெள்ளையும் ஒற்றை நீலக்கண்ணுமாக அது திடலுக்குள் நுழைந்தபோது பந்தல் பந்தலாகச் சத்தம் நின்றுகொண்டே வந்தது. கூட வருகிறவன் என்பதற்காக எனக்கே வழிவிட்டார்கள். அப்படி ஒரு நடை நான் வாழ்க்கையில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

மேட்டுவீட்டு முன்தூணில் தலைமுறை தலைமுறையாக விழுந்த எருமைகளின் கொம்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அதன் அடியில் அம்பே லிம்போங் நின்றார். அவருடைய சித்தப்பா ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இது கறியத் திருப்பி எறிஞ்ச வீடு. கயித்தத் தொடறதுக்கு முன்னாடி யோசிச்சுக்க" என்றார்.

அம்பே லிம்போங் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது ஒங்கம்மாவுக்கு வச்சிருந்ததாச்சே. பாப்புவாவுலயே கேள்விப்பட்டேன்" என்றார்.

"ஆமா."

"அவங்க?"

"இன்னும் படுத்திருக்காங்க. எங்கப்பா எறிஞ்சது ஒரு தொடை. அதுக்கு நான் முழுசாக் கொண்டுவந்திருக்கேன். பிடிச்சா கயித்த வாங்குங்க. பிடிக்கலேன்னா திருப்பி ஓட்டிட்டுப் போறேன், நான் எறிய மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அம்பே லிம்போங் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் கயிற்றை வாங்கினார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. அம்பே சுலோ வெறும் கையோடு கொஞ்ச நேரம் நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார்.

எருமை விழுந்தது மறுநாள். முன்காலைக் கல்லில் கட்டி, மூக்குக் கயிற்றை மேலே தூக்கி, வெட்டுகிறவன் ஒரே வீச்சு. அது உடனே விழவில்லை. நாலு காலையும் ஊன்றி, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்றது. நான் வாழ்நாளெல்லாம் எருமை வெட்டுவதைப் பார்த்தவன், என் கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. பிறகு மெதுவாக மண்டி போட்டுச் சாய்ந்தது. அம்பே சுலோ பரணடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

கறி வெட்ட உட்கார்ந்தபோது அம்பே லிம்போங் வந்து என் காதில் சொன்னார். "பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க. தோலம்பாவுக்குப் பின்தொடை. மூணாவதாக் கூப்பிடணும்."

பரணில் ஏறப்போன மச்சானைப் பிடித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டு நின்றார்.

"அப்பக் கடைசி யாரு?" என்று கேட்டார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. யாரும் யோசிக்கவில்லை. தோலம்பா மேலே போனால் மற்ற வீடுகளின் வரிசை ஒரு படி இறங்கும். கடைசிக்கு முந்தினது பதாங் வீடு. அங்கே இந்தோ ரெம்பாங், அதாவது ரெம்பாங்கின் அம்மா, என்ற விதவை மட்டும்தான் இருந்தாள், புருஷன் இல்லை, வயல் இல்லை, மகள் எங்கேயோ தூரதேசத்தில். அவள் அந்தக் கணக்கை எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுப் பந்தலின் ஓரத்துக்குப் போய், மூங்கில் நாரை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பதாங்" என்றேன்.

அவர் மேலே ஏறினார்.

மேட்டுவீடு போயிற்று. இரண்டாவது வீடு போயிற்று. பிறகு நான் அந்தத் தொடையை இரண்டு கையாலும் ஏந்தி மேலே கொடுத்தேன். தோலோடு, கறுப்பு மயிரோடு, கனமான தொடை. அவர் அதை அந்த நோஞ்சான் கைகளால் தலைக்குமேல் தூக்கினார்.

"தோலம்பா."

அதே குரல், அதே உயரம். இத்தனை வருஷம் சவ்வைத் தூக்கிச் சொன்னதற்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எங்களிடம்தான் இருந்தது. தொடை தொம்மென்று மண்ணில் விழுந்தது. என் அக்கா எழுந்து போனாள், குனிந்தாள், தூக்க முடியாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பந்தல்காரர்கள், முதல்வரிசைக்காரர்கள், வந்து தூக்கிக் கொடுத்தார்கள்.

மற்ற வீடுகள் வரிசையாகப் போயின. பழக்கத்தில் பழைய கணக்குக்கே வெட்டியிருந்ததால் கடைசியில் என் முன்னால் இரண்டு துண்டு மிச்சம். ஒரு சின்ன விலா, ஒரு சவ்வு. பதாங்குக்கு எதைக் கொடுப்பது என்று நான் மேலே பார்த்தேன். அவர் கையை நீட்டி விலாவைக் காட்டினார்.

"பதாங்" என்றார். இந்தோ ரெம்பாங் எழுந்து வந்து எடுத்துக்கொண்டாள். எடுத்தபின்தான் அவளுக்கு அது சவ்வு இல்லை என்று தெரிந்தது. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பரணை அண்ணாந்து பார்த்தாள்.

அவர் சவ்வைத் தூக்கிப் பிடித்தார்.

"தோலம்பா."

திடல் குழம்பிப்போயிற்று. வாய் தவறிவிட்டது, பழக்கதோஷம் என்று சிலர் நினைத்தார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். மேட்டுவீட்டுச் சித்தப்பா எழுந்து நின்றார்.

"ஒரு வீட்ட ரெண்டு தடவ கூப்பிடற மொறை எந்த ஊர்லய்யா இருக்கு?"

அம்பே சுலோ மேலே நின்றபடியே பதில் சொன்னார். கூப்பிடுகிற குரலில் இல்லை, சும்மா பேசுகிற குரலில். அது எல்லோருக்கும் கேட்டது.

"தொடை நீங்க குடுத்தது, வாங்கிக்கிட்டேன். கடைசி எங்கப்பா சம்பாதிச்சது. அத நான் யாருக்கும் எழுதிக் குடுக்கலையே."

பிறகு அம்பே லிம்போங்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தபின் திடலே சிரித்தது, சித்தப்பாகூடத் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் மலையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கொம்புத்தூண்களைப் பார்த்திருக்கிறேன். அன்று மூங்கில் பரணில் சவ்வைப் பிடித்துக்கொண்டு நின்ற பல்போன குள்ள மனிதரைப் பார்த்தபோது வந்த பயமும் மரியாதையும் வேறு யாரிடமும் எனக்கு வந்ததில்லை.

தொடையை மூங்கில் கம்பில் கட்டி நானும் அவரும் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். சவ்வை அவர் தனியாக நாரில் கோத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கை கால்கூடக் கழுவாமல் இரண்டையும் தெற்கு அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். நான் வாசலிலேயே நின்றேன். அக்கா என் பின்னால் வந்து நின்றாள்.

அவர் அம்மாவின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவள் கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

"மூணாவதும்மா" என்றார். "அப்புறம் கடைசியும்."

மறுபடி காத்திருந்தார்.

"சொன்னேன். ரெண்டையும் சத்தமாத்தான் சொன்னேன்."

என் அக்கா உள்ளே போய் அந்தச் சவ்வை எடுத்துக்கொண்டு, அதைச் சுட மூங்கில் தேடப் போனாள்.